ஆராயி நிலத்து மழை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அடி அண்ணாமலையில் ஆராயியின் ஒன்றரை ஏக்கரில் மட்டும் பெய்யத் தொடங்கிய மழை ஏறக்குறைய நாலு வருஷம் நிற்கவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் ராமதாஸ் நிலத்தில் புழுதி பறந்தது. பிடுங்க இருந்த மல்லாட்டையில் ஒரு கடலை விடாமல் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டு அழுகியது. முதல் வாரம் ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. இரண்டாம் வாரம் மாடு கழுவ ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் அங்கே கால் கழுவிக்கொண்டு போனார்கள்.

ஆராயிக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அந்த நிலம் ஒன்றுதான். சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கெல்லாம் அந்த வருஷம் இன்சூரன்ஸ் இருந்தது. யாரிடமும் கை நீட்டாமல் வீட்டு விதையை விதைத்தவளுக்கு அது இல்லை. கடன் வாங்காததற்கும் ஒரு தண்டனை உண்டென்று அவளுக்கு யார் சொன்னது? இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கு அரசாங்கம் வெள்ள நிவாரணம் தருவதாகக் கேள்விப்பட்டு, டவுனிலிருந்த நிவாரண ஆபீஸில் மனு கொடுத்தாள். கிளார்க் அப்பாசாமி நல்ல மனுஷன்தான். ஆனால் ரூல் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ரகம்.

"ஊர்ல பாதிப் பயிராவது போயிருக்கணும்மா. உன் ஒருத்தி நிலத்துல பேஞ்சா அது வெள்ளம் இல்ல," என்றார்.

"எனக்கு இருக்கறதே ஒரு நிலந்தான் சார். அது முழுசா போயிடுச்சே," என்றாள் ஆராயி.

அவள் விடவில்லை. பயிர் வைக்காத நிலத்துக்கு நிவாரணம் கிடையாது என்று இன்னொரு ரூல் இருந்ததால், ஆடிக்கு ஆடி தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு அந்த மழையிலேயே விதைத்தாள். ஒவ்வொரு வருஷமும் அழுகியது, ஒவ்வொரு வருஷமும் மனு எழுதினாள். பார்வையிட மூன்று தடவை ஜீப் வந்தது. ஜீப் சத்தம் கேட்டதும் மழை நிற்கும், வெயில் பல்லைக் காட்டும், ஜீப் திரும்பியதும் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆராயி வானத்தை வாய்க்கு வந்தபடி திட்டினாள். எண்பத்தொன்பது ஆடி வந்தபோது காதுக் கம்மலும் போயிருந்தது, விதைக்கு வழியில்லை. விதைக்காவிட்டால் தரிசு என்று எழுதிவிடுவார்கள், நாலு வருஷத்து மனுவும் குப்பைக்குப் போய்விடும்.

அந்த ஆடியில் ஒருநாள் சாயங்காலம் மண்வெட்டியைக் கழுவாமல் வீட்டு மூலையில் சாத்தினாள். அதில் ஒட்டியிருந்த மண்ணின்மேல், கூரைக்குக் கீழே, மழை பெய்தது. மழைக்கும் வானத்துக்கும் சம்பந்தமில்லை, அது அந்த மண்ணோடுதான் வருகிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. மறுநாள் ஒரு தேங்காயளவு மண்ணைத் துணியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். பக்கத்து சீட்டும் நனைந்ததால் கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார். நனைந்துகொண்டே போய் மூட்டையை அப்பாசாமியின் மேசைமேல் அவிழ்த்தாள்.

"நீங்க வந்தா நின்னுடுது சார். அதான் நானே இட்டுனு வந்துட்டேன். பார்வையிடுங்க."

ஆபீஸுக்குள் ஜீப் இல்லாததால் மழைக்குப் பயமில்லை. ஃபைல்கள் நனைந்தன, ரூல் புத்தகம் ஊறி உப்பியது. மூன்று மணிக்குள் அதிகாரி கையெழுத்துப் போட்டு, நாலு வருஷத்து நிவாரணமும் செக்காக வந்தது. ஆராயி அதை மடியில் முடிந்துகொண்டு, படிக்கட்டில் உட்கார்ந்து, நாலு வருஷமாக அழாத அழுகையை அழுதுவிட்டு, நேராக விதைக் கடைக்குப் போனாள்.

நிலத்தில் அன்றே மழை நின்றது, ஆபீஸில் நிற்கவில்லை. எவ்வளவு கழுவியும் மேசை இடுக்கில் புகுந்த மண் வரவில்லை. அப்பாசாமி தன் மேசைக்கு நிவாரணம் கேட்டு மேலே எழுதினார். ஆபீஸில் பாதி மேசையாவது நனைந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

ஐப்பசியில் ஆராயி அவித்த மல்லாட்டையோடு அவரைப் பார்க்கப் போனாள். அவர் ஒரு கையில் குடையும் மறு கையில் பேனாவுமாக அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கினே இருங்க சார், விட்டுடாதீங்க. நாலு வருஷம் ஆவும்," என்று சொல்லிவிட்டு, அவர் எழுதி முடிக்கும்வரை குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.