மாரியம்மன் கோயில் குழாயில் அருள்ராணியின் ஜெபம்

மாட்டின் மடியைக் கழுவிவிட்டுப் பால் கறக்க உட்கார்ந்த அருள்ராணிக்கு, மாரியம்மன் கோயில் குழாயிலிருந்து தன் குரலே கேட்டது.

"இயேசுவே, மாரியப்பண்ணன் போர்ல தண்ணி வத்திப்போச்சு. அதைக் கொஞ்சம் பாத்துக்குங்க சாமி..."

கனவு என்றுதான் முதலில் நினைத்தாள். பொழுது விடிந்து மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன கனவு? பங்குனித் திருவிழாவுக்கு வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் அது. அம்மன் பாட்டு வர வேண்டிய வாய். அதிலிருந்து அருள்ராணி ஊருக்கே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழாய்க்குச் சொந்தக்காரன் வேறு யாருமில்லை, அவள் புருஷன் ஃபிராங்க்ளின்தான். ஏரியூர்ப் பக்கத்தில் கல்யாணமோ கருமாதியோ, மைக் செட் என்றால் அவன்தான். கோயிலுக்கும் அவனே, மாதா கோயிலுக்கும் அவனே. அம்மன் பாட்டு ஒரு பென்டிரைவில், மாதா பாட்டு இன்னொன்றில். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே சட்டைப்பை. "ஒண்ணுல நூலு கட்டி வைய்யேன்" என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கேட்டானா மனுஷன்?

அந்த ஜெபம் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் கத்தோலிக்கக் குடும்பங்கள் கைவிரல்களுக்குள் அடங்கும். தவக்காலம் தொடங்கியபோது பங்குச்சாமியார் பூசையில் சொன்னார்: "துண்டுப் பிரசுரம் எடுத்துக்கிட்டுத் தெருத்தெருவாப் போக வேண்டாம். பக்கத்து வீட்டாரைப் பேர் சொல்லி தினமும் ஜெபியுங்க. ஈஸ்டருக்குள்ள அவங்கள்ல ஒருத்தர்கிட்டயாவது போய், உங்களுக்காக வேண்டிக்கறேன்னு வாயைத் திறந்து சொல்லுங்க."

ஜெபிப்பது அருள்ராணிக்குக் கரும்பு தின்பதுபோல. சொல்வதுதான் வரவில்லை. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளிடம் சொல்லலாம் என்று எத்தனையோ தரம் போனாள். போய்த் தக்காளி விலையைப் பேசிவிட்டு வந்தாள். காலம் அப்படி. ஒரு வார்த்தை பிசகினால் "மதம் மாத்த வந்துட்டாங்க" என்று முத்திரை குத்திவிடுவார்கள். அப்புறம் அந்தத் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது?

அவள் ஜெபத்தை மாதிரிக்கு ஞாயிறு பூசையில் போட்டுக் காட்டலாம் என்று அன்பியம் என்கிற ஜெபக்குழுப் பெண்கள் பிடிவாதம் பிடித்தார்கள். கேட்பது நம் ஆட்கள்தானே என்று அவளும் பேசிக் கொடுத்தாள். ஃபிராங்க்ளின் செல்போனில் பிடித்துப் பென்டிரைவில் ஏற்றினான். ஏற்றியவன் இன்று அதைக் கோயிலில் செருகிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டான், புண்ணியவான்!

அருள்ராணி பால் சொம்பைக் கீழே வைத்தாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத்தான் தெரியுமே.

"காளியப்பண்ணன் அந்தக் குடிய விடணும் சாமி. கோவிந்தம்மாக்கா ராத்திரியில அழுவறது சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்குது. அந்தக் கண்ணீரை நீங்கதான் தொடைக்கணும்..."

அதோடு குழாய் கப்பென்று அடங்கியது. டீ கிளாஸைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஃபிராங்க்ளின் ஒயரைப் பிடுங்கியிருந்தான். என்ன பிரயோசனம்? கொட்டின பாலை அள்ள முடியுமா?

அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "மாதாவே, ஊர்ல யாரு வேணா திட்டட்டும். அந்த அக்கா மட்டும் என்னை வெறுத்துடக் கூடாது" என்று அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் ஃபிராங்க்ளின் வந்தான். கோயில் தர்மகர்த்தா மாரியப்பன் அவனைக் கூப்பிட்டு விசாரித்திருந்தார்.

"என்ன சொன்னாருங்க? செட்டக் கழட்டச் சொல்லிட்டாரா?"

"ரெண்டு பசங்க குதிச்சானுங்க, போலீசுக்குப் போலாம்னு. அவரு, 'இருங்கடா'ன்னு அதட்டிட்டு என்கிட்ட, 'எம் போருக்கு உம் பொண்டாட்டி என்னப்பா கேட்டுச்சு? காக்கா கத்துனதுல சரியா விழல'ன்னாரு. தண்ணி கேட்டான்னு சொன்னேன். 'யாரு குடுத்தாலும் தண்ணி தண்ணிதான். போய்ப் பாட்டைப் போடு'ன்னுட்டாரு."

பாதி உயிர் வந்தது. மீதி உயிர் பக்கத்து வீட்டில் இருந்தது.

ஒரு வழக்கம் உண்டு. திருவிழா அன்று கோவிந்தம்மாள் கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவாள். அம்மனுக்குப் படைத்ததும் முதல் சொம்பு அருள்ராணி வாசலுக்குத்தான் வரும். கிறிஸ்துமஸ் அன்று முதல் தட்டு அதிரசம் இங்கிருந்து அங்கே போகும். இன்று படையல் முடிந்து, தெருவெல்லாம் கூழ் குடித்துக் கை கழுவியாகிவிட்டது. கோவிந்தம்மாள் வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. அப்போதும் வரவில்லை.

"நான் போறேங்க" என்று அருள்ராணி எழுந்தாள்.

"எதுக்குடி? வீம்பா எதையாவது..."

"திட்டுனா வாங்கிக்கறேன். இப்படி உக்காந்திருக்க முடியல."

கோவிந்தம்மாள் அடுப்படியில் இருந்தாள். அவளுக்கு முன்னால் கூழ்ச் சொம்பு, மூடிபோட்டு அப்படியே இருந்தது. அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, வூட்டு விசயத்த ஊரு கேக்க வெச்சுட்டேன். மன்னிச்சுருங்கக்கா."

"ஊருக்குத் தெரியாத குடியா அது?" என்றாள் கோவிந்தம்மாள். "ரோட்டுல விழுந்து கெடந்தப்பல்லாம் தூக்கியாந்து போட்டது இந்த ஊருதானே. அதுக்கா அழுவறேன்? எனக்குன்னு ஒருத்தி தெனமும் வேண்டிக்கிட்டிருக்கா, அது எனக்கே தெரியல பாரு. ஏண்டி ராணி, ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"பயமா இருந்துச்சுக்கா. மதம் மாத்தறான்னு நெனச்சுட்டீங்கன்னா?"

"அடி போடி! உம் மவனுக்கு வேலை கெடைக்கணும்னு நான் அம்மன் மரத்துல மஞ்சத்துணி கட்டியிருக்கேன். நீ தப்பா எடுத்துக்குவியோன்னு நானும் சொல்லல. கூழைத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தேன். உங் கதவு சாத்தியிருந்துச்சு. நீ கோவமா இருக்கியோன்னு திரும்பிட்டேன்."

அருள்ராணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாடா என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோவிந்தம்மாள் மூடியை எடுத்துக் கூழை ஊற்றி, மோர்மிளகாயும் வெங்காயமும் வைத்தாள்.

"ஆமா, சாமிகிட்டயா அப்படிப் பேசுன? எதுக்க உக்காந்திருக்கறவங்ககிட்ட பேசறாப்பல இருந்துச்சே."

"எதுக்கதான்க்கா உக்காந்திருக்கறாரு" என்றாள் அருள்ராணி. இத்தனை நாள் வாய்க்குள் சிக்கிக் கிடந்தது கூழ் இறங்கியதும் தானாக வெளியே வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் பிள்ளை தங்காமல் போனது, யாரிடமும் சொல்ல முடியாமல் மாதா படத்துக்கு முன்னால் பேச ஆரம்பித்தது, பேசப் பேசத் தனியாக இல்லை என்று தோன்றியது, எல்லாவற்றையும் சொன்னாள். கோவிந்தம்மாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒருதரம் சொம்பை நிரப்பினாள்.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. கோவிந்தம்மாளின் புருஷன் காளியப்பன் நிலைப்படிக்கு வந்து நின்றான். திருவிழா நாளும் அதுவுமாக உச்சிப்பொழுதில் அவன் நிதானமாக நின்றதை அருள்ராணி பார்த்ததே கிடையாது. அவள் சடாரென எழுந்தாள்.

"உக்காருங்க தங்கச்சி, குடிங்க" என்றான். தலையைச் சொறிந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் கூழ்ப்பானையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நாளைக்கும் எம் பேரச் சொல்லுங்க."

அருள்ராணி தலையாட்டினாள்.

வாசலைத் தாண்டப் போனவன் நின்று திரும்பினான்.

"மைக்கு மட்டும் வேணாம்."