ஒரு பொட்டு வெளிச்சமும் வரக் கூடாது

ஒனோஃப்ரேயின் கடைக்குள் எலாதியா நுழைந்தபோது மணி ஒன்பதரை. பத்து மணிக்கு அவள் மருந்துக்கடையைத் திறந்தாக வேண்டும். அரை மணி நேரத்தில் ஆயுளுக்கும் சேர்த்து முடிவெடுத்துவிடும் வேகத்தில் வந்திருந்தாள்.

"படுக்கை அறை ஜன்னலுக்கு ஷட்டர் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள மாட்டணும்."

"வந்த உடனே ஒரு வணக்கம் சொல்ற வழக்கம் உண்டு, தெரியுமா?" என்றான் ஒனோஃப்ரே. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஐம்பத்தோரு வயதிலும் அவர்களுக்குள் மரியாதை வந்து சேரவில்லை.

"உன் வணக்கத்த நீயே வச்சுக்கோ. ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள வரக் கூடாது. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கைய மூஞ்சிக்கு நேரா நீட்டினா கை தெரியக் கூடாது. அப்படி ஏதாவது இருக்கா?"

"இருக்கு. சவப்பெட்டின்னு பேரு. நம்ம கடையில விக்கிறதில்ல."

எலாதியா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்தது. மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை, இருந்தும் கால் தரையில் பாவவில்லை.

காரணத்தை ஊரில் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. ரொட்டிக்கடை ஃபெர்மின்தான் காரணம். பிப்ரவரி மாதம் கையில் சூடுபட்டுக் களிம்பு வாங்க வந்த மனிதன், புண் ஆறிய பிறகும் களிம்பு வாங்கிக்கொண்டே இருந்தான். ஐந்தாவது டப்பாவில் "நீங்க" போய் "நீ" வந்தது. சாந்தமான ஆள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் காது சிவந்துவிடும்.

எல்லாம் கூடி வந்தபோது குறுக்கே நின்றது தூக்கம். ஃபெர்மின் ராத்திரி முழுக்க மாவு பிசைந்து, காலையில் விற்று, மத்தியானம் இரண்டு மணிக்குப் படுப்பான். கடை மாடியில், ஜன்னலுக்கு அட்டை ஒட்டிய ஓர் அறையில் முப்பது வருஷமாகப் படுக்கிறான். ஏப்ரலில் ஒரு தடவை எலாதியா வீட்டில் படுத்துப் பார்த்தான். அவளுடைய பழைய ஷட்டரில் மூன்று பட்டை உடைந்திருந்தது. எங்கள் லா மாஞ்சா சமவெளி வெயிலுக்கு மூன்று பட்டை போதாதா? நேரே வந்து அவன் கண்ணில் குத்தியது. நான்கு மணிக்குச் சமையலறை மேசையில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போய்விட்டான். 'மன்னிச்சுக்கோ. தூங்க முடியல.'

இப்போது இன்னொரு தடவை வருவதாக ஒப்புக்கொண்டிருந்தான், இந்தச் சனிக்கிழமை. "தூக்கம் வந்தா சாமான எடுத்துட்டு வந்துடறேன் எலாதியா. வரலைன்னா என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல" என்று சொல்லியிருந்தான்.

இதை ஊருக்குச் சொல்ல அவளுக்குப் பயம். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு வங்கி அதிகாரி அவளுக்கு மோதிரம் போட்டான், மாற்றல் வாங்கிப் போனான், திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம், இருமல் மருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் மருந்துச் சீட்டோடு ஒரு பெருமூச்சையும் சேர்த்து நீட்டினார்கள். மோதிரம் போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள், அந்த "ஐயோ பாவம்" பார்வையைத்தான் தாங்க முடியவில்லை. ஆகையால் ஃபெர்மின் முதலில் வாய் திறந்து இருக்கிறேன் என்று சொல்லட்டும், அப்புறம் ஊர் தெரிந்துகொள்ளட்டும் என்பது அவள் கணக்கு.

"யாருக்கு இந்த இருட்டு?" என்று கேட்டான் ஒனோஃப்ரே.

"எனக்குத்தான். ஒத்தைத் தலைவலி."

"அம்பது வருஷமா இல்லாத தலைவலி."

"இப்ப வந்திருக்கு. உன்னப் பார்த்தா இன்னும் ஜாஸ்தியாகுது. சாமானக் காட்டுடா."

காட்டினான். பிளாஸ்டிக் பட்டையைத் தட்டிப் பார்த்து, டொக்கு என்று ஒதுக்கினாள். கயிறு கட்டிய மரத் தட்டியைக் கண்ணாலேயே ஒதுக்கினாள். கடைசியில் உள்ளே நுரை அடைத்த அலுமினியப் பட்டையை எடுத்துப் போட்டான். கனமாகக் கையில் உட்கார்ந்தது. ஒன்றோடொன்று கொக்கி போட்டால் நடுவே மயிரிழை நுழையாது.

"ஆனா எல்லாரும் பட்டைக்கு நடுவுல சின்னச் சின்ன ஓட்டை வச்சுத்தான் வாங்குவாங்க" என்றான் ஒனோஃப்ரே. "முழுசா இறக்காம விட்டா அது வழியா கொஞ்சம் வெளிச்சம் வரும். மனுஷனுக்குப் பொழுது விடிஞ்சுதா இல்லையான்னு தெரிய வேணாமா?"

"வேணாம். ஒரு ஓட்டை கூட வேணாம்."

பின்னறை ஜன்னலில் மாதிரி ஒன்று மாட்டியிருந்தான். எலாதியா உள்ளே போய் அதை இறக்கச் சொன்னாள். கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையோடு வரும் காகிதத்தை எடுத்து, பொடி எழுத்தை மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"ஒரு எழுத்து தெரியல!" என்று இருட்டுக்குள்ளிருந்து கத்தினாள். "ஒனோஃப்ரே! காகிதமே தெரியல! என் மூக்கே எனக்குத் தெரியல!"

"கொடுத்து வச்ச மூக்கு."

நிறத்தில்தான் தடுமாறினாள். பச்சையைத் தொட்டாள். ரொட்டிக்கடைக் கதவு பச்சை. ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும் என்று பயந்து, "காப்பிக்கொட்டை நிறமே போதும்" என்று சொல்லிக் கிளம்பினாள். தெருமுனை வரை போனவள் விறுவிறுவென்று திரும்பி வந்து, கதவுக்குள் தலையை மட்டும் நீட்டினாள்.

"பச்சை!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒனோஃப்ரே மாடிப் படுக்கை அறையில் மாட்டிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் எலாதியா உள்ளே தொங்கும் ஷட்டர் நாடாவைப் பிடித்து இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். தடதடவென்று என்ன சத்தம், என்ன கம்பீரம்! ஏழாவது தடவை ஏற்றியபோது எதிர் வீட்டு விஸித்தா பால்கனியில் நின்றிருந்தாள். எழுபது வயது. தெருவில் யார் தும்மினாலும் அவளுக்குத் தெரியாமல் போகாது.

"ஏண்டி, தெருவுக்கு விசிறி விடுறியா?"

"சரியா வேலை செய்யுதான்னு பார்க்கிறேன் விஸித்தா அக்கா."

"பச்சையா? ரொட்டிக்கடைக் கதவு மாதிரியே இருக்கு" என்றாள் விஸித்தா. எலாதியா ஷட்டரை எட்டாவது தடவை இறக்கிவிட்டு உள்ளேயே நின்றுகொண்டாள்.

சனிக்கிழமை ஃபெர்மின் பின்பக்கத்து முற்றம் வழியாக வந்தான். செல்போனைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தான், அவ்வளவு பதற்றம். கத்தரிக்காயும் தக்காளியும் வதக்கி, மேலே பொரித்த முட்டை வைத்துப் போட்டாள். பாதி தின்றான். பிறகு படுக்கை அறைக்குப் போனார்கள். எலாதியா நாடாவை விட்டாள். அறை கிணறாகிவிட்டது.

"எங்க இருக்க?" என்றான் ஃபெர்மின்.

"இங்கதான். தெரியுதா?"

"ஒண்ணுமே தெரியல" என்றான். அவன் குரலில் சந்தோஷம் இருந்ததாக அவளுக்குத் தோன்றியது. "பத்து மணிக்கு நானே எழுந்துடுவேன். நீ எழுப்ப வேணாம். முப்பது வருஷத்துல ஒரு நாள் லேட்டானதில்ல."

அவன் சொன்னது உண்மை. ஆனால் எப்படி எழுகிறான் என்பதை அவனும் யோசித்ததில்லை, அவளும் கேட்கவில்லை. அவன் அறை ஜன்னலின் அட்டையில் ஒரு கீறல் உண்டு. வடக்குப் பார்த்த ஜன்னல், வெயில் அதில் விழாது. வருஷம் முழுக்க ராத்திரி பத்து மணிக்குச் சதுக்கத்துப் பெரிய விளக்கு எரியும், அந்தக் கீறல் வழியாக வெளிச்சம் அவன் கண்ணில் விழும், எழுந்துவிடுவான். முப்பது வருஷமாக அவனுக்குக் கடிகாரம் அந்தக் கீறல்தான்.

எலாதியா கதவைச் சாத்தி, அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள். கூடத்தில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்குக் கதவில் காது வைத்தாள். குறட்டை! மெதுவான, சீரான, அருமையான குறட்டை. நான்கு மணிக்கும் குறட்டை. ஏப்ரலில் அவன் எழுந்து போன நேரம் அது, தாண்டிவிட்டது. சமையலறையில் தனியாக நின்று இரண்டு கையையும் மேலே தூக்கிக் குதித்தாள். எட்டு மணிக்கு, ஒரு நிமிஷம் பக்கத்தில் சாய்ந்துவிட்டு வரலாம் என்று சத்தமில்லாமல் உள்ளே போய், துண்டை உள்பக்கம் இழுத்து வைத்துப் படுத்தாள். ஒரு வாரத்துத் தூக்கம் மொத்தமாக அவளை அமுக்கியது.

நடுவில் ஒரு தடவை ஃபெர்மினுக்கு விழிப்பு வந்தது. கண்ணில் வெளிச்சக் கீறல் இல்லை. இன்னும் பத்து ஆகவில்லை என்று புரண்டு படுத்துக்கொண்டான்.

"எலாதியா! ஏ எலாதியா! உசுரோட இருக்கியாடி?"

விஸித்தாவின் குரல். எலாதியா எழுந்து உட்கார்ந்தாள். கும்மிருட்டு. விஸித்தாவுக்கு இந்த நேரத்தில் என்ன வந்தது என்று நினைத்தாள். கதவு இடுக்கில் துண்டை நகர்த்தினாள். பளீர் என்று வெயில் காலில் விழுந்தது. தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுக் கதவைப் படக்கென்று சாத்தினாள். கூடத்துக் கடிகாரத்தில் ஒன்பது இருபது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபது.

"ஃபெர்மின்! விடிஞ்சு போச்சு!"

"விளக்கு எரியலையே" என்றான் ஃபெர்மின். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. "ரொட்டி!"

வெளியே நடந்ததெல்லாம் சத்தமாகவே உள்ளே வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கு ஏழு மணிக்கு வரிசை நின்றிருக்கிறது. கதவு திறக்கவில்லை. ஃபெர்மினைத் தேடி ஊரே அலைந்திருக்கிறது. அதற்குள் விஸித்தா, ஏழு மணிக்குத் தவறாமல் ஏறும் எலாதியாவின் ஷட்டர் ஒன்பதாகியும் ஏறவில்லை என்று கவனித்துவிட்டாள். தனியாக இருக்கும் பெண்ணின் ஷட்டர் ஏறவில்லை என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். துணிப்பையும் கையுமாக நின்ற வரிசை முழுவதும் அப்படியே இந்தத் தெருவுக்கு வந்துவிட்டது.

"ஒனோஃப்ரே, நீதானே மாட்டின? ஏறித் திறடா!"

"வெளியிலேருந்து திறக்க முடியாது விஸித்தா அக்கா. அதுதான் இந்தச் சரக்கோட தரம்."

"தரத்தக் கொண்டு போய்க் குப்பையில போடு! உள்ள பொணமாக் கிடக்காளோ என்னமோ!"

ஃபெர்மின் இருட்டில் சட்டையைத் துழாவினான். காது எவ்வளவு சிவந்திருந்தது என்பதை நல்ல வேளையாக யாரும் பார்க்க முடியவில்லை.

"நான் பின்பக்கமா போயிடறேன்" என்றான். "சுவர் ஏறிக் குதிச்சா சந்துக்குப் போயிடலாம். உன் பேரு கெடாது."

எலாதியா மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவன் பின்பக்கம் போனால் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததை விட்டுப் போவது சுலபம். இனி இந்தப் பக்கம் வரக்கூட மாட்டான், சாந்தமான ஆள், வெட்கத்திலேயே இருந்துவிடுவான். ஷட்டரை ஏற்றினாலோ ஊருக்கே தெரியும். அதற்கப்புறம் இவனும் போனால் அந்தப் பெருமூச்சுகள் எல்லாம் திரும்ப வரும், எட்டு வருஷத்துப் பழசும் புதுசும் சேர்ந்து.

"நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு ஃபெர்மின். நல்லாத் தூங்கினியா?"

"சின்னப் பையனா இருந்தப்ப தூங்கினது" என்றான் அவன். "அதுக்கப்புறம் நேத்துதான்."

எலாதியா நாடாவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

தடதடதடவென்று ஷட்டர் ஏறியது. வெயில் மொத்தமும் உள்ளே கொட்டியது. தெருவில் நாற்பது முகம் நிமிர்ந்தது. ஜன்னலில் தலை கலைந்த எலாதியா, அவளுக்குப் பின்னால் பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு ரொட்டிக்கடைக்காரன்.

"பொணம் ரெண்டா இருக்கு" என்றாள் விஸித்தா. தெரு கொல்லென்று சிரித்தது.

"இதுதான் ஒத்தைத் தலைவலியா?" என்று கத்தினான் ஒனோஃப்ரே.

ஃபெர்மின் ஜன்னலை விட்டு விலகினான். மாடிப்படியில் அவன் காலடி கேட்டது. பின்பக்கம் திரும்புகிறதா, முன்பக்கமா என்று எலாதியா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முன்கதவு திறந்தது. கூட்டம் வழி விட்டது.

"ரொட்டி எங்கடா?" என்றாள் விஸித்தா.

"பன்னெண்டு மணிக்கு" என்றான். பத்தடி நடந்தான். நின்றான். திரும்பி ஜன்னலைப் பார்த்தான். காது இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது. அவன் உரக்கப் பேசி அந்த ஊரில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"எலாதியா! ரெண்டு மணிக்கு ஷட்டர இறக்கி வை! என் தலையணைய எடுத்துட்டு வர்றேன்!"

கூட்டம் ஓவென்று கத்தியது, துணிப்பைகளை ஆட்டியது. எலாதியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, வாயெல்லாம் பல். நாடாவை இன்னும் விடாமல் பிடித்திருந்தாள்.

"அந்த ஒரு வரிசை ஓட்டை" என்று கீழேயிருந்து கேட்டான் ஒனோஃப்ரே, "இப்பவாவது போட்டுத் தரட்டுமா?"

"ஓட்டையெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள் எலாதியா. "நாங்க ஒரு அலாரம் வாங்கிக்கிறோம்."