அழக்கூடாத வீடு

என் தம்பி செத்த வீட்டில் ஒருத்தரையும் நான் அழவிடவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, மூக்கை உறிஞ்சியபடி வந்தவர்களை எல்லாம் குளியலறைப் பக்கம் திருப்பிவிட்டேன். "குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதுட்டு வாங்க" என்றேன். "இவ பொம்பளையா, கல்லா?" என்று சித்தி முணுமுணுத்தாள். கல்தான். இருந்துவிட்டுப் போகிறேன்.

காரணம் உள்ளே டம்ளர்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. தம்பி மகள், சிட்டு. இரண்டு வயது. சின்னதாக ஒரு அடி பட்டாலோ, திடீரென்று அழுகை பொங்கினாலோ போதும். வாய் திறந்தபடி நிற்கும், சத்தம் வராது, மூச்சும் வராது. முகம் சுண்ணாம்பாக வெளுத்து, நனைந்த துணி மாதிரி துவண்டு விழுவாள். அம்மா அழுவதைப் பார்த்தால் இவளும் அழுவாள். அப்புறம் கேட்கவே வேண்டாம்.

டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். "அவ வேணும்னு செய்யலம்மா. நிறைய குழந்தைங்களுக்கு வளர வளரத் தானா போயிடும். விழுந்தா தூக்கிக் குலுக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க." ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று சொட்டு மருந்தும் எழுதினார். "அதுக்காக அழவே விடாம வளர்க்காதீங்க" என்றும் சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். விழும்போது ஓடித் தாங்கிப் பிடிப்பது நாங்கள்தானே!

அதனால்தான் அப்பா எங்கே என்று குழந்தை கேட்டபோதெல்லாம், "லாரி ஓட்டப் போயிருக்கார்டி தங்கம், வந்துடுவார்" என்றோம். தம்பி மனைவி அதைச் சிரித்த முகத்தோடு சொன்னாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். கேட்டால், "பசிக்கல அண்ணி" என்பாள்.

சிட்டுவுக்கு மயக்கம் நின்றபாடில்லை. கதவு படாரென்று சாத்தினால்கூட விழுந்தாள். இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை மார்பில் ஒட்டி அனுப்பினார்கள். அது வரைந்த கோட்டை டாக்டரம்மா பிறகு காட்டினார். மேலும் கீழும் ஓடிய கோடு மெதுவாகி, இன்னும் மெதுவாகி, ஒரு இடத்தில் நேராகப் படுத்துக் கிடந்தது.

"விழும்போது துடிப்பு குறைஞ்சு நின்னுடுது. தானா திரும்பவும் வந்துடுது. ஆனா இவளுக்கு ரொம்ப நேரம் நிக்குது. பேஸ்மேக்கர் வச்சிடலாம். துடிப்பு குறைஞ்சா அது பாத்துக்கும்" என்றார்.

வைத்தார்கள். காயம் ஆறிய பிறகு பரிசோதனைக்குப் போனோம். புது நர்ஸ் ஒருத்தி ஊசி போட்டாள். சிட்டு வாயைத் திறந்தாள். பெஞ்சில் படுக்கவைக்க அவள் அம்மா கையை நீட்டிவிட்டாள்.

வந்தது பாருங்கள் ஒரு அழுகை! ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. முகம் சிவந்ததே தவிர வெளுக்கவில்லை. "அழுடி என் ராஜாத்தி, நல்லா அழு!" என்று நான் கை தட்டாத குறைதான்.

மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கூப்பிட்டாள். "அப்பா! அப்பா வா!"

"அப்பா வெளிய நிக்கறாரா? வரச் சொல்லுங்க, சமாதானமாயிடுவா" என்றாள் விவரம் தெரியாத அந்த நர்ஸ்.

"அப்பா லாரில..." என்று நான் ஆரம்பித்தேன். பழக்கதோஷம்.

"வேணாம் அண்ணி" என்று தம்பி மனைவி என் கையைப் பிடித்தாள். "இனிமே இவ தாங்குவா."

மகளை மடியில் உட்காரவைத்து, முகத்தைத் துடைத்துவிட்டாள். "அப்பா வரமாட்டார்டா தங்கம். அப்பா செத்துப்போயிட்டார்."

குழந்தைக்கு என்ன புரிந்ததோ தெரியாது. அம்மாவின் உதடு கோணுவதைப் பார்த்தாள், இன்னும் பெரிதாக அழுதாள். அதன்பிறகு தம்பி மனைவியும் அடக்கவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கதறினாள். பாவி, இத்தனை நாள் அதையெல்லாம் எங்கேதான் வைத்திருந்தாளோ!

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. என் தம்பி இல்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "டேய் தம்பி, டேய் தம்பி" என்று நானும் அழுதேன்.