எட்டு மணி முதல் மூன்றரை வரை

தெரேபி அக்காவுக்கு முட்டி வலி. சாயங்காலம் நாலு மணிக்குக் கடலில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தால்தான் மறுநாள் அந்த முட்டி மடங்கும். கூட நாங்களும் இறங்குவோம், தலையில் ஓலைத் தொப்பி, வாயில் ஊர்க்கதை. அந்தக் கரையை வளைத்து வேலி போட ஒரு ஹோட்டல்காரர் எங்கள் தீவுச் சபையில் மனுக் கொடுத்தார். யாரும் பயன்படுத்தாத கரையாம். ஆதாரமாக அவர் நீட்டியது, 1974இல் நியூசிலாந்திலிருந்து வந்த புவியியல் புரொபசர் விட்லாக் எழுதிய அறிக்கை. நாற்பது நாள் எண்ணியதில் ஓய்வுக்கு வந்தவர்கள்: பூஜ்யம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நாற்பது நாளும் அவர் அக்கா வீட்டில் தங்கி, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையை மூக்குப் பிடிக்கத் தின்றவர்!

அதன்பிறகும் அவர் அடிக்கடி வந்தார், ஒவ்வொரு முறையும் புதுச் சரக்கோடு. முதலில் வரைபடத்தில் பயணிகள் வரும் வழிக்கு அம்புக்குறி. ஆக்லாந்தில் புறப்பட்டு எங்கள் மண்டையில் வந்து குத்தும். அடுத்து ஒரு வளைகோடு. சுற்றுலா ஊர் பிறக்கும், கொழுக்கும், கிழடாகும் என்றார். பிறகு ஒரு கரை எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கு. இப்போதோ, வந்தவன் பொழுதுபோக்கும் உள்ளூர்க்காரன் பொழுதுபோக்கும் ஒரே வலை, பிரித்துப் பார்க்கவே கூடாது என்று அவர் துறைக்காரர்கள் சொல்கிறார்களாம். இதைக் கண்டுபிடிக்க நாற்பது வருடம்! அதுவரை நாங்கள் தண்ணீரில்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஹோட்டல்காரர் புரொபசரையே சாட்சிக்குக் கூட்டி வந்தார். வயது எழுபத்தைந்து, கையில் அந்தப் பழைய நோட்டு. அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எத்தனை மணிக்கு எண்ண ஆரம்பிப்பீங்க, புரொபசரே?"

"காலைல எட்டுக்கு."

"அப்ப நாங்க எங்க இருந்தோம்?"

"நீ ஆரஞ்சு பேக்கிங் கொட்டகையில. மத்தவங்க தோட்டத்துல."

"நோட்டை எப்ப மூடுவீங்க?"

"மூன்றரைக்கு. அதோட என் வேலை நேரம் முடிஞ்சுடும்."

"மூடிட்டு?"

அவர் காது சிவந்தது. "கடலுக்கு வருவேன்."

"வந்து யாரோட குளிச்சீங்க? மீனோடயா?"

"உங்களோடதான். பதினோரு பேர்."

"நோட்டுல ஏன் ஏறல?"

"அது... என்னோட ஓய்வு நேரம், தெரேபி."

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஊராரின் ஓய்வை ஆராய வந்த மனுஷன், ஊர் உழைக்கும் நேரம் பார்த்து எண்ணியிருக்கிறார். ஊர் ஓய்வெடுக்கும்போது நோட்டை மூடிவிட்டுத் தானும் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. "காலியான கரைன்னு நாற்பது வருஷமா பாடம் நடத்திட்டேன்," என்றார். "நான் ரொம்பச் சந்தோஷமா இருந்த எடமே அதுதான்." அதுவரை அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அங்கேயே இறங்கிப்போனது.

"சரி, அறிக்கையை எப்படித் திருத்தணும்?" என்று கேட்டார் சபைத் தலைவர்.

புரொபசர் பேனாவைத் திறந்தார். "தினமும் ஊர்க்காரங்க பதினோரு பேர். சுற்றுலாப் பயணி ஒருத்தர்."

ஹோட்டல்காரர் துள்ளி எழுந்தார். "பார்த்தீங்களா! அன்னைக்கே பயணி வந்திருக்கார். அவர் தங்க ஒரு நல்ல எடம் வேணாமா?"

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "வந்தவர் என் வீட்ல தங்கினார், என் சோத்தைத் தின்னார், எங்களோட குளிச்சார். இதுல உங்களுக்கு என்னய்யா வேலை?"

தலைவர் அந்தக் கேள்வியையே தீர்ப்பாக எழுதச் சொன்னார்.