பாதி மழித்த தலை

தானிமுவின் வலது கட்டைவிரல் செத்துப்போயிருந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, மடக்கினால் மடங்கும், நீட்டினால் நீளும். ஆனால் தொட்டது சூடா குளிரா, மொட்டையா கூரா என்று கேட்டால் கல்லுளிமங்கன் மாதிரி வாயைத் திறக்காது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். தானிமு நாவிதர். கானோ நகரின் பழைய மதிலுக்குள், ஒரு பேட்டையில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏழாம் நாள் பெயர் வைக்கும்போது தலை மழிப்பவர்.

கத்தியின் கூரைக் கண் சொல்லாது. கட்டைவிரல் சதையை அலகின் குறுக்கே மெல்ல வைத்தால், போதும் என்றோ இன்னும் கொஞ்சம் என்றோ அதுதான் சொல்லும். போன மழைக்காலத்தில் ஒருநாள் அப்படி வைத்து எடுத்தபோது அலகில் ரத்தம் இருந்தது. யாருடையது என்று பார்த்தார். அவருடையதுதான். வலிக்கவே இல்லை. மருந்தகத்துத் தாதி, சர்க்கரை என்றாள். ரத்தத்தைப் பார்த்தது அன்றைக்கு. விரல் செத்தது என்றைக்கு?

அந்தக் கேள்விதான் அவரை அரித்துத் தின்றது. ஏனென்றால் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அதே பேட்டையில் அசாபேயின் இரண்டாவது குழந்தைக்குத் தலை மழித்திருந்தார். ஐம்பதாம் நாள் அது காய்ச்சலில் போய்விட்டது. அவளுடைய மூத்ததும் முன்பே இறந்ததுதான். அதற்கு மழித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அன்று காலை தேநீர்க்கடை இலுவின் கெண்டி இதே விரலைச் சுட்டு, இரண்டு நாள் துடித்தது. ஆக அப்போது விரலுக்கு உயிர் இருந்தது. இரண்டாவதுக்கு? தெரியாமல் ஒரு கீறல் விழுந்து, அதன் வழியே காய்ச்சல் ஏறியிருந்தால்? ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றும்.

விஷயம் தெரிந்தவள் அவர் மனைவி ஹன்சாய் மட்டும். அன்று முதல் காலையில் அவர் தீட்டுவார், அவள் தொட்டுப் பார்ப்பாள். தீட்டுவதற்கும் நல்ல கல் இல்லை. பழைய சாணைக்கல் கீழே விழுந்து மூன்றாய் உடைந்தது. புதுக்கல்லின் விலையில் இரண்டு மாதம் சோளம் வாங்கலாம். இலு தூக்கிப்போட்ட பீங்கான் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, அடியில் மெருகில்லாத வளையத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார். பிறகு செங்கல்லை இடித்து, ஹன்சாயின் பழைய தலைத்துணியில் சலித்து, வெண்ணெயில் குழைத்து, ஆட்டுத்தோல் வாரில் பூசி இழுப்பார். கடைசியாக வெறும் வாரில் ஐம்பது இழுப்பு. காசில்லாதவன் கத்திக்கு அது போதும், தொட்டுச் சொல்ல ஒரு விரல் இருந்தால்.

தானே சோதிக்க முன்கை மயிரைச் சிரைத்துச் சிரைத்து இரண்டு கையும் வழுக்கையாகிவிட்டன. இலு ஸாரியா ஊர்க்காரன். கானோக்காரனையும் ஸாரியாக்காரனையும் ஒரே தெருவில் விட்டால் கேலி பேசாமல் வாய் சும்மா இருக்காது. "ஏன்யா, கானோவுல தலையெல்லாம் தீர்ந்துபோச்சா? சொந்தக் கையவே சிரைச்சுத் திங்கிற?" என்பான். தானிமு பதிலுக்கு ஸாரியாக்காரன் மூளையைப் பற்றி ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். உள்ளே எரியும்.

அசாபேக்கு மூன்றாவது பிறந்தது. ஆண் பிள்ளை. பிள்ளை தங்காத வீட்டில் இந்த ஊரில் சாவை ஏமாற்றுவார்கள். குழந்தைக்கு 'குப்பைமேடு' என்று பெயர் வைப்பார்கள், தலையைப் பாதி மட்டும் மழித்து விடுவார்கள், இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று சாவு நினைத்துக்கொள்ளட்டும் என்று. அசாபே ஹன்சாயிடம் முன்னதாகவே சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த வேலையெல்லாம் வேண்டாம். வாழப்போகிற பிள்ளைக்கு மழிப்பதுபோல முழுத்தலையும் மழிக்க வேண்டும்.

ஏழாம் நாள் விடிந்தபோது ஹன்சாய் ஊரில் இல்லை. பிச்சி என்ற ஊரில் தங்கை வீட்டுச் சாவு, முந்தின நாளே போய்விட்டாள். தானிமு வேறொருவரை அனுப்பியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே. வழக்கத்தைவிட அதிகமாகவே தீட்டினார். காலில் இழுத்துப் பார்த்தார், மயிர் விழுந்தது. விழுந்தது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கிளம்பினார். அங்கேதான் தப்புச் செய்தார். கிழவன் கால்மயிர் ஒன்று, ஏழு நாள் குழந்தையின் தலை வேறொன்று.

வாசல் அறையில் ஆண்கள் கூடியிருந்தார்கள். வெற்றிலைபோல மெல்லும் கோலாக்கொட்டை சுற்றி வந்தது. வெளியே கிடா அறுபட்டாகிவிட்டது. குழந்தையின் தகப்பன் லவான் வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். உள்வீட்டுக்குப் போகும் வழியில் திரை தொங்கியது, அதன் பின்னால் பெண்கள். தானிமு குழந்தையை மடியில் வாங்கி, தலையை நனைத்து, வலப்பக்கம் தொடங்கினார்.

முதலில் வழுக்கிக்கொண்டு போன கத்தி, உச்சியை நெருங்கும்போது நின்று நின்று இழுத்தது. குழந்தை உடம்பையே முறுக்கிக்கொண்டு வீரிட்டது. அலகைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். விளிம்பு நெடுக மெல்லிய பிசிறு சுருண்டு நின்றது. விரல் உயிரோடு இருந்தால் வீட்டிலேயே பிடித்திருக்கும். முன்னால் உச்சிக்குழி, தோலுக்குக் கீழே துடித்துக்கொண்டிருந்தது. தானிமு கத்தியை எடுத்துவிட்டார்.

லவானின் பெரியப்பா இதி, பாதி மழித்த தலையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். தானிமு விவரம் தெரிந்தவன், சொல்லாமலே செய்துவிட்டான், இந்தப் பிள்ளைக்கு இதுதான் சரி என்று மற்றவர்களிடம் சொன்னார். அவர்களும் ஆமென்றார்கள். லவான் திரைப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

வழி தானாகவே திறந்துவிட்டது. கத்தியை மடக்கி, பங்குக் கறியை வாங்கிக்கொண்டு எழுந்தால் போதும், ஒரு பயலுக்கும் தெரியாது. தானிமு கத்தியை மடக்கவும் செய்தார். திரைக்குப் பின்னால் இருந்தது முழுத்தலையும் மழிக்கச் சொல்லி அனுப்பியவள். அவளை ஏமாற்றிவிட்டு எழ அவரால் முடியவில்லை.

"நான் வேணும்னு நிறுத்தலய்யா," என்றார். "கத்தி சரியில்ல. அது சரியில்லன்னு எனக்குத் தெரியல. என் விரல் செத்துப்போச்சு. போன மழைக்கு முன்னாலயே செத்திருக்கும். உங்க ரெண்டாவது புள்ளைக்கும் இந்த விரல வச்சுக்கிட்டுத்தான் செரச்சனோ என்னவோ."

இதி கோலாவை மெல்வதை நிறுத்தினார். யாரோ அட பாவி என்று முனகினார்கள். லவான் பாய்ந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டான். உச்சிவெயிலுக்குள் செய்தி இலுவின் கடைக்குப் போகும், மாலைக்குள் நாவிதர் தலைவர் காதுக்குப் போகும், இனி இந்தப் பேட்டையில் தன்னை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். தானிமுவுக்கு அது தெரிந்தேதான் இருந்தது. தலை குனிந்தபடி பையைத் துழாவினார்.

"பாபா." திரைக்குப் பின்னாலிருந்து தானிமுவைக் கூப்பிட்டது அசாபேயின் குரல். மாமனார் முறைக்காரர்கள் இருக்கிற அறையில் அவள் வாய்திறந்து யாரும் கேட்டதில்லை. "ரெண்டாவது புள்ளயோட தலைய அது இருந்த நாளெல்லாம் நான்தான் குளிப்பாட்டித் தடவுனேன். ஒரு கீறல் இல்ல."

தானிமுவுக்கு ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்தது நகர்ந்தது. கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

"மூத்தவனப் பத்தி எனக்குத் தெரியாது," என்றாள் அவள். குரல் இறங்கியது. "தலைச்சன் புள்ளைய ஆத்தா கொஞ்சக் கூடாதுங்கறது நம்ம ஊரு வழக்கமாச்சே, வெக்கப்பட்டு நான் தொடவே இல்ல. கடைசி வரைக்கும்."

"மூத்தவனுக்கு ஒண்ணும் ஆகலம்மா," என்றார் தானிமு. "அது எனக்குத் தெரியும். அன்னைக்குக் காலையிலதான் கெண்டி இந்த விரலச் சுட்டுச்சு. சுட்டது தெரிஞ்சுச்சு. அவன் தலைய இந்த விரல் பாத்துச்சு. பட்டு மாதிரி இருந்துச்சு."

பிறகு திரையின் ஓரத்தில் மருதாணி மங்கிய ஒரு கை நீண்டது. கத்தியைக் கொடுங்கள், நான் தொட்டுச் சொல்கிறேன் என்றாள். இதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். லவான் குறுக்கே கையை நீட்டி அவரைத் தடுத்தான்.

தானிமு பையிலிருந்து கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்தார். தண்ணீர் விட்டு, கத்தியைப் படுக்க வைத்து, பிசிறு போகும் மட்டும் மெல்லத் தேய்த்தார். வாரை இதியிடமே நீட்டிப் பிடிக்கச் சொன்னார், அவரும் மறுபேச்சில்லாமல் பிடித்தார். ஐம்பது இழுப்பு. கத்தியைத் திரையோரம் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம்," என்றது குரல்.

மறுபடி இழுத்தார். மறுபடி கொடுத்தார்.

"போதும், பாபா."

லவான் குழந்தையைத் திரும்ப மடியில் வைத்தான். இந்த முறை அது அழவில்லை. தானிமு இடப்பக்கத்தை மழித்து முடித்தார், உச்சிக்குழியைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு. பிறகு குழந்தையைத் திரைக்குள் கொடுத்தார். உள்ளே அவள் கை அந்தத் தலை முழுவதும் தடவிப் பார்த்து முடிக்கும் வரை, பையைக் கட்டாமல் காத்திருந்தார்.