ஒரு சாண் குறைந்த கம்பி

நாற்பத்திரண்டாம் வருஷம், ஆவணி மாதம். சாமைக்காட்டுப் பரண் மேல் ஏறி நின்று, மூங்கிலைச் சுற்றிக் கட்டியிருந்த கறுப்புக் கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள் அத்தாயி. தொட்டால் சுடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சுடவில்லை. சுட்டிருந்தாலும் அவள் விட்டிருக்க மாட்டாள்.

அது அடிவாரத்திலிருந்து செம்மேட்டுச் சர்க்கார் முகாமுக்கு மரத்துக்கு மரம் கட்டிக் கொண்டுபோன டெலிபோன் கம்பி. முந்தாநாள் காற்றில் கிளை முறிந்தபோது கம்பியும் இவர்கள் காட்டில் விழுந்துவிட்டது. அடுத்தவன் பலாப்பழமே ஆனாலும் நம் காட்டில் விழுந்தால் நமக்கு. மலைமேல் ஆலத்தூர் நாட்டில் அதுதான் வழக்கம். கம்பிக்கு மட்டும் தனி வழக்கமா இருக்கும்? அவள் புருஷன் காளியண்ணன் கொடுவாளால் இரண்டு பக்கமும் நறுக்கி எடுத்து, ஆட்டம் கண்டிருந்த பரணை இறுக்கிக் கட்டினான். கெட்டிக்காரன்தான் என்று இவளும் மெச்சிக்கொண்டாள்.

காலையில் அவன் வாழைத்தாரோடு செம்மேட்டுச் சந்தைக்குப் போன பிறகுதான் தண்டோரா வந்தது. வெள்ளைக்காரனை விரட்டுவதற்காகக் கீழ்நாட்டில் கம்பி அறுக்கிறார்களாம். அறுத்தவன் எவனானாலும் ஜெயிலாம், ஓடினால் சுடுவார்களாம். காளியண்ணன் வெள்ளைக்காரனைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? அத்தாயி உடனே பரண் மேல் ஏறினாள்.

அவிழ்த்த கம்பியை ஓட்டமாய்க் கொண்டுபோய், அறுந்து கிடந்த ஒரு முனையோடு மாட்டுக் கயிற்றைப் பிணைப்பதுபோல் முடிச்சுப் போட்டாள். மறுமுனைக்கு இழுத்தால் எட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஒரு சாண் குறைந்தது.

அந்த ஒரு சாண் எங்கே என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மிச்சத்தைக் கொடுவாள் பிடியில் அழகாகச் சுற்றியிருந்தான் காளியண்ணன். கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டுதான் சந்தைக்குப் போயிருக்கிறான். முகாமைத் தாண்டித்தான் சந்தை.

"ஏனுங்கம்மா, அங்க என்ன பண்றீங்க?"

கம்பியைப் பார்த்துக்கொண்டே மலையேறி வந்த முத்தன். அடிவாரத்துக்காரன், இந்தக் கம்பியைக் கட்டியவர்களில் ஒருவன்.

"நாங்க ஒண்ணும் அறுக்கலீங்க!" என்றாள் அத்தாயி, அவன் கேட்பதற்கு முன்பே. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

முத்தன் முனைகளைத் தடவிப் பார்த்தான். "கிளை உழுந்தா இப்படி வழவழன்னு அறாதுங்க," என்றான் மெதுவாக. பிறகு அவள் முகத்தைப் பார்த்தவன் மேலே கேட்கவில்லை. "தோலோட முடிச்சுப் போட்டா பேச்சு போகாதுங்க. உள்ள இருக்கற செம்பும் செம்பும் தொடோணும்."

அவன் கத்தியால் தோலைச் சீவினான். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டுக் கொடுத்து முறுக்கினான். தன்னிடமிருந்த டெலிபோன் பெட்டியைக் கம்பியோடு மாட்டிக் கைப்பிடியைச் சுற்றி, பேசும் குழாயை எடுத்து முகாமை அழைத்தான்.

"கிளை உழுந்து அறுந்துபோச்சுங்க. சேத்துட்டேனுங்க."

அத்தாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நிலைக்கவில்லை.

"கிளையா?" பக்கத்தில் நிற்பவளுக்கும் கேட்கும்படி கத்தியது குழாய். "கொடுவாள்ல கம்பி சுத்துனவன் ஒருத்தனை இங்க பிடிச்சு வெச்சிருக்கோம். பொய் சொன்னா நீயும் அவன்கூட ஜெயிலுக்குப் போவே!"

முத்தன் குழாயைக் காதிலிருந்து விலக்கினான். அவனுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. அந்த அதட்டலுக்குப் பின்னால் இன்னொரு குரல் அழுதது. "சாமி, காட்டுல கெடந்துச்சுங்க சாமி..."

அவர் குரல்! அத்தாயி குழாயைப் பிடுங்கினாள். எந்தப் பக்கம் பேச வேண்டும் என்றுகூடத் தெரியாமல் மொத்தமாக அதன் மேலேயே கத்தினாள்.

"அவரை உட்டுருங்க சாமி! வெட்டுனது நானுங்க! நாந்தானுங்க!"

குழாய் பேசவில்லை. முத்தன் முறுக்கிய இடத்தை அவள் பயத்தோடு திரும்பிப் பார்த்தாள். ஒட்டு விட்டுப்போயிருக்குமோ, சொன்னது போய்ச் சேரவில்லையோ?

"பேரென்ன?" என்றது குழாய்.

"அத்தாயிங்க," என்றாள். "வாங்க. இங்கயேதான் நிக்கறேனுங்க."