செத்தவருக்கு விழுந்த ஏழு சம்மதங்கள்

1

இந்தக் கதை ஒரு சிவப்புக் காகிதத்திலிருந்து வந்தது. அதில் எங்கள் ஊர்க் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் இருந்தன. எழுதியது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். [இப்போதே சொல்லலாம். தைரியம் வரவில்லை.]

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனி மூடிய தேயிலை மலையில், கருத்த முகத்துடன் அந்தத் துறவி எண்ணூறு ஆண்டுகளாக...' அடித்துவிட்டேன். பனியெல்லாம் பேருந்தில் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு.

அடுத்து: 'லியாவ் சைஹோங் நல்ல பெண்.' அதையும் அடித்தேன். நல்ல பெண் என்றால்தான் நியாயம் கிடைக்கும் என்றால் அந்த நியாயத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சைஹோங்குக்கு முப்பத்தொரு வயது, வாய் நீளம், கல்யாணம் வேண்டாம் என்றவள். தேயிலை வறுக்கும்போது வருஷத்துக்கு ஒரு சட்டியாவது கருக்குவாள். அப்பா இறந்த பிறகு அம்மாவோடு தனியாக இருக்கிறாள். அண்ணன் தம்பி இல்லை.

கோயிலிலிருந்தே தொடங்குகிறேன்.

2

வருஷத்தின் முதல் மாதம், ஆறாம் நாள். எங்கள் கோயில் தெய்வமான துறவி கருமுகக் குருவின் தூபக்கலயம் அந்த ஆண்டு எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று அவரிடமே கேட்கும் நாள்.

பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயராகப் படிப்பார்கள். இரண்டு பிறைக்கட்டைகளைத் தரையில் போடுவார்கள். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் சம்மதம். இரண்டும் மல்லாந்தால் குரு சிரிக்கிறார். இரண்டும் கவிழ்ந்தால் மறுக்கிறார். யார் பெயருக்கு விடாமல் அதிகச் சம்மதம் விழுகிறதோ அந்த வீட்டுக்குக் கலயம் போகும். ஒரு வருஷம் கலயம் இருந்த வீட்டின் பெயரைப் பலகையில் செதுக்குவார்கள். பிறகு அதை யாரும் நீக்க முடியாது.

ஆண் இல்லாத வீட்டை ஊர்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். 'அணைந்த வீடு' என்று அதற்குப் பெயர். உள்ளே இரண்டு பெண்கள் சோறாக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அணைந்த வீடுதான்.

[கதையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குரு தலையை மழித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. ஊருக்கு மழை வேண்டினார், ஓடைகளுக்குப் பாலம் கட்டினார், காய்கறி மட்டும் தின்றார். அவருக்கு முன்னால் முழுப் பன்றியை வாயில் ஆரஞ்சுப் பழம் திணித்துப் படுக்கவைத்து, ஆண்பிள்ளை இல்லாத வீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். இதை அமைதியாக எழுத எனக்கு வரவில்லை.]

3

சைஹோங் மற்றப் பெண்களோடு வாசலுக்கு வெளியே நின்றாள். கையில் வெங்காயத்தாள் கட்டு. உள்ளே கலயக் குழுவின் தலைவர் திங்ஃபா கட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் அப்பாவின் பெரியப்பா மகன். அவருடைய மகன் வெய்தோங்குக்கு ஐந்து சம்மதம் விழுந்திருந்தது. வெய்தோங் அதற்குள் பட்டாசுச் சரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த பெயரைப் படித்தார்கள்.

"லியாவ் ஷுமிங்."

சைஹோங்கின் கையிலிருந்த கட்டு நழுவியது. அவளுடைய அப்பா. இறந்து வருஷத் திதியும் முடிந்துவிட்டது. திதி முடியும்வரை பெயர் இருக்கட்டும் என்று போன வருஷம் விட்டு வைத்திருந்தார்கள். இந்த வருஷம் நீக்கியிருக்க வேண்டும்.

படித்தவர் யோசிக்காமல் படித்துவிட்டார். திங்ஃபாவும் பழக்கத்தில் கட்டையைப் போட்டுவிட்டார். சம்மதம். மறுபடி போட்டார், சம்மதம். நான்காவது முறைதான் யாருக்கோ உறைத்தது. ஆனால் விழுந்துகொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தக் கூடாது. ஐந்து. ஆறு. ஏழு.

வெய்தோங் பட்டாசைக் கீழே வைத்தான்.

"செத்தவன் எப்படிப்பா கலயத்துக்குப் பத்தி ஏத்துவான்" என்றார் ஒருவர்.

"நான் ஏத்துவேன்" என்றாள் சைஹோங், வாசலுக்கு வெளியிலிருந்தே.

"நீ சும்மா இரு. தேயிலையே கருக்குறவ" என்றார் திங்ஃபா.

"கருக்குனா என்ன பெரியப்பா, குருவய்யா மூஞ்சியும் புகையில கருத்ததுதான்."

பெண்கள் பக்கம் சிரிப்பு. எங்கள் பக்கம்.

4

கேட்ட பதில் பிடிக்கவில்லை என்றால் கேள்வியை மாற்றிக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம்.

"குருவய்யா, ஷுமிங் உங்ககிட்டயே வந்துட்டான். அடுத்த ஆளுக்குக் குடுக்கலாமா?" கட்டைகள் மல்லாந்தன. சிரிப்பு.

"வெய்தோங் வீட்டுக்கு வரீங்களா?" மறுப்பு.

"அடுத்த வருஷம் இதைவிடப் பெரிய பன்னியா வைக்கிறோம். வரீங்களா?"

"அவரு கறி தின்ன மாட்டாரு பெரியப்பா. ஆசை காட்டுறதுன்னா தோஃபுவாச்சும் காட்டுங்க" என்றாள் சைஹோங்.

மறுப்பு.

திங்ஃபா வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "பட்டியலே தப்பு. யாரு எழுதுனது?"

[முந்தைய வரைவில் பட்டியலை எழுதியவர் கண் மங்கிய ஒரு வாத்தியார். அப்படி யாரும் எங்கள் ஊரில் இல்லை. எழுதியது நான். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள், கையெழுத்து அழகு என்று என்னிடம் கொடுத்தார்கள். நான் எழுதலாம், அதில் என் பெயர் இருக்கக் கூடாது.]

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். 'மறதியா எழுதிட்டேன் பெரியப்பா' என்கிறேன்: பட்டியல் செல்லாது, கலயம் வெய்தோங்குக்கு. 'வேணும்னுதான் எழுதுனேன்' என்கிறேன்: பட்டியலும் செல்லாது, இனி நானும் செல்லாது. மூன்றாவதில் நான் வாயே திறக்க...

நடந்தது அதுதான். திறக்கவில்லை. இத்தனை கோபத்தை வைத்துக்கொண்டு வெங்காயத்தாளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

வாயைத் திறந்தது சைஹோங். வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள். அன்றைக்குப் பெண்கள் தாண்டக் கூடாத படி.

"செத்தவரு பேரை எழுதுனது தப்புங்கிறீங்க. நீங்க யாருகிட்ட கேட்டுக்கிட்டிருக்கீங்க பெரியப்பா? செத்து எண்ணூறு வருஷமாச்சு அவருக்கு."

திங்ஃபா கட்டைகளைக் கையில் எடுத்தார். அவருக்கும் வேறு வழியில்லை.

"குருவய்யா. ஷுமிங் பொண்ணு வீட்டுக்குப் போறீங்களா?"

அன்றைக்கு அவர் கேட்ட முதல் நேரான கேள்வி. போட்டார்.

5

இங்கே நிறுத்துகிறேன். கட்டைகள் இன்னும் விழவில்லை.

அவை எப்படி விழுந்தன என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சம்மதம் என்று எழுதினால், பார்த்தாயா, கடைசியில் நியாயம் கிடைத்துவிட்டதே என்று புத்தகத்தை மூடிவிடுவீர்கள். மறுப்பு என்று எழுதினால் அய்யோ பாவம் என்று மூடுவீர்கள். ஒரு பெண் தன் வீட்டில் இருக்கிறாள் என்பதற்கு இரண்டு மரத்துண்டுகள் சாட்சி சொல்ல வேண்டியிருந்ததே, அதைத்தான் நான் எழுத வந்தேன்.

நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை. பிடிக்கவில்லை என்று கேள்வியை மாற்றாதீர்கள்.

போடுவதற்கு முன்னால் என் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். அது மறதி இல்லை. பழைய பட்டியலைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். ஷுமிங் சித்தப்பா பெயர் வந்தது. விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். தூரிகையை மையில் தோய்த்து, நிதானமாக, மற்ற எல்லாப் பெயரையும்விட அழகாக எழுதினேன்.

பெயரை எழுதியது நான். ஏழு முறை விழவைத்தது நான் இல்லை.